விட்ட இடத்திலிருந்து

பெருந்துறை சிப்காட், சாயப்பட்டறை லேப்.
மூலையில் பழுப்பேறிய யூனிக்ஸ் பெட்டி,
ஏழாயிரத்துச் சொச்சம் நிறக்கணக்கோடு.
"பெட்டிய மாத்துனா ஒரு நீலமும் கூடி வராதுங்க"
என்கிறார் செங்கோட்டுவேல்.

அதிலிருந்த எடிட்டர்
ஒருநேரத்தில் ஒரு வரிதான் காட்டும்.
வேறொன்று கட்டித்தர வந்தேன்,
மூலநிரல் சிடியில்.

கன்ஃபிகர் என்றதும்
கடன் கேட்டுப் போனவனை பேங்க் மேனேஜர் கேட்பதுபோல்:
கம்பைலர்?
இருக்கிறது.
ஓடுமா?
ஓடும்.
ஜன்னல் லைப்ரரி?
இல்லை. வேண்டாம் என்று எழுதிக்கொள்.
டெர்ம்கேப்?
இருக்கிறது, 1994இல் வந்தது.
எஸ்என்பிரிண்ட்எஃப்?
இல்லை.
நானே எழுதினேன், பதினோரு வரி.

பிறகு மேக்.
கோப்புக்கு இரண்டு நிமிடம்.
கீழே ஜெட் மெஷினில் துணி சுற்றுகிறது,
படியேறி வருகிறது ஆசிடிக் புளிப்பு.
நூற்றுப்பதினேழாவது கோப்பில்
கரண்ட் போனது.

ஜெனரேட்டர் எழுந்ததும் மறுபடி மேக்;
நூற்றுப்பதினேழில் தொடங்கியது.
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்
"விட்ட எடத்துல இருந்தே ஓடுதுங்களே!" என்றார்.
கீழே அவருடைய லாட் திட்டுத்திட்டாய்.
அதை வெளுத்து, முதலிலிருந்து.

ஒன்றரை மணிக்கு எடிட்டர் திறந்தது.
முதல் வரி அவர் அடித்தார்:
உப்பு 60.
அழிக்கும் விசையைத் தட்டினால்
^? என்று கூடுகிறது.
இன்னொரு தட்டு, இன்னொரு ^?

ஒரே வரியில் சரியாகும், பொறுங்க என்று
மேனுவலைப் புரட்டினேன்.
நிமிர்வதற்குள்
அந்த 60ஐ அப்படியே விட்டு
பக்கத்தில் 80 அடித்து,
லெட்ஜரில் போடுவதுபோல்
செ.வே. என்று
சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.