பதினாலரை அடி

பத்தரை அடிப் பெட்டி போதும் என்கிறேன் நான்.
பதினாலரை என்கிறான் கதிரேசன்.
நாலு அடிக்காக நாலு நாள் பேச்சில்லை.

பதினொரு வருஷமாக அவன் ஓட்டுவது
கந்தப்பளை முதலாளியின் லொறி.
லீக்ஸ், கரட், கோவா,
சீசனுக்கு உருளைக்கிழங்கு.
தூக்கத்தில் ரம்பொடை வளைவு வந்தால்
இடது கால் கிளச் மிதிக்கும்.
போர்வை என் பக்கம் இருக்காது.

எனக்குத் தெரிந்தது பிள்ளைக்காம்பரா.
ஒரு பொதி பால்மாவை
முப்பத்தொரு பிள்ளைக்குப் பங்கிடும் கணக்கு.
கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:

தம்புள்ளைக்குப் போக டீசல் இருபத்தேழு லீட்டர்.
வெறும் பெட்டியானாலும் மலை ஏறணுமே,
வரவும் இருபத்தேழு.
மூவாயிரம் கிலோ, கிலோவுக்கு எட்டு ரூபா.
தம்பி ரொஷாந்துக்குக் கிளீனர் கூலி
(அவன் தூங்கினாலும் கூலி தூங்காது).
டயர், சேர்விஸ், இன்ஷூரன்ஸ்.
லீசிங், மாசம் எழுபத்தெட்டாயிரம்.
கோடு போட்டுக் கழித்துப் பார்த்தேன்.
கோட்டுக்குக் கீழே எங்கள் சாப்பாடு இல்லை.

“திரும்பி வரும்போது என்ன ஏத்துவ?”

அவன் அதை யோசித்ததே இல்லை.
முதலாளி லொறியில் திரும்பும் பயணம்
காற்றும் ரேடியோவும்தான்.
அன்றிரவு வெங்காயம் என்றான்.
பிறகு தேங்காய் என்று எழுப்பினான்.
பிறகு கருவாடு.
விடியும் நேரம்,
ராகலைக் கடைகளுக்குச் செத்தல் மிளகாய்.
கோட்டுக்குக் கீழே
ஒரு தட்டுச் சோறு தெரிந்தது.

சனிக்கிழமை வெலிமடைப் பக்கம் போனோம்.
லீசிங்காரர் பறித்த வாகனங்கள் நிற்கும் வளவு.
மழையில் வரிசையாக,
தாய் கூட்டிப்போக வராத பிள்ளைகள் மாதிரி.

நிஸ்தார் பாஸ் சாக்கு விரித்து
நீல எல்ஃபுக்குக் கீழே படுத்தார்.
தேங்காய் பார்ப்பது மாதிரி
சேசியைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
“எஞ்சின் நல்லம் தங்கச்சி.
ஏத்தத்த எந்த லொறியும் எப்படியாவது ஏறும்.
இறக்கத்துலதான் பார்க்கணும்.”
பின் பிரேக் லைனிங் இரண்டும் மாற்றச் சொன்னார்.
அதையும் எழுதினேன்.

நான் உள்ளே ஏறிப் பார்த்தேன்.
டாஷ்போர்டில் சுரண்டியும் போகாத ஸ்டிக்கர்,
ஒரு பெயரின் வால்: ‘லுக்ஷி.’
சீட்டுக்குப் பின்னால் ஒரு சில்லுக்கட்டை,
டேர்பன்டைன் மரம்,
ஒரு பக்கம் குழிந்து வழவழத்துப்போய்.

“மூணே மூணு தவணைதான் தப்பினது”
என்றார் வளவுக் காவல்காரர்,
கேட்காமலே.

தாளை விரித்து
எங்கள் மூன்று எங்கே இருக்கிறது என்று தேடினேன்.
ரோட்டை அடைக்கும் ஒரு மண்சரிவு.
கதிரேசனுக்கு ஒரு காய்ச்சல்.
விலை விழுந்து, கரட்டைக் கிண்டாமல்
மண்ணிலேயே விடும் ஒரு மாசம்.
தூரத்தில் இல்லை.
எல்லாம் ஒரே மழைக்குள் வரக்கூடியவை.

கதிரேசன் கதவைத் திறந்து மூடினான்,
திறந்து மூடினான்,
அந்தச் சத்தத்துக்காகவே.

“அந்த ஆள் எந்த ஊர்?” என்று கேட்டேன்.
ஃபைலில் இருக்கும் என்றார்கள்.
யாரும் ஃபைலைத் திறக்கவில்லை.

இரண்டு தவணைக் காசு
பால்மா டின்னுக்குள் விழுந்த பிறகுதான்
கையெழுத்து என்றேன்.
என் தோடு போனது.
அவன் கட்டிய சீட்டு பாதியில் கழிவோடு வந்தது.
பெட்டி பதினாலரைதான்.
அதில் அவன் வென்றான்.

முதல் நாள் இருட்டுகிற நேரம்
லயத்துக்கு மேலே, சரிவில்,
ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் குரல் கொடுத்தான்.
ரொஷாந்த் ஸ்டிக்கரில் நகத்தை வைத்திருந்தான்.
விடுடா, பிறகு பார்ப்போம் என்று
கட்டையை நானே எடுத்துப்போய்
பின் சில்லுக்குக் கீழே வைத்தேன்.
டயரின் வளைவு அதில் ஏற்கெனவே இருந்தது.

லொறி அரை அங்குலம் பின்னால் வந்து
நின்றது.