சரோஜினி நகர், மாசி

காலையில் ஜந்தர் மந்தரில் கோஷம் போட்ட தொண்டை
சரோஜினி நகர் போவதற்குள் கட்டிக்கொண்டது.
நல்லதுதான்.
பேசினாலும் யாருக்கு விளங்கப்போகிறது?

ரயில் ஒன்பது மணிக்கு.
கையில் நாலு மணி நேரம், பர்ஸில் அறுநூறு ரூபாய்,
கொடி சுற்றிய சங்கத்துக் குச்சி.
"இவளுக்கு இந்தி தெரியும்" என்று
யாரோ மெஹராஜை முன்னால் தள்ளினார்கள்.
"எனக்கு எங்கடி தெரியும், நான் காயல்பட்டணம்லா"
என்று திரும்பி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

ஏக், தோ, தீன் எல்லாம் ரயிலிலேயே மனப்பாடம்.
இங்கே விலை டேட் சௌ, டாய் சௌ.
ஒன்றரைக்கு ஒரு பேர், இரண்டரைக்கு ஒரு பேர்.
நம் பக்கத்தில் அரை, பாவம்,
முழு எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.
டேடுக்கும் டாய்க்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள
வேலுத்தாய்க்கு நூறு ரூபாய் ஆனது.

தரையில் விரித்த படுதாவில்
குளிர்காலம் முழுவதும் குவிந்து கிடந்தது.
மாசி பிறந்துவிட்டதால் மலிவு.
முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுகிறார்கள் பெண்கள்,
கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி.
எனக்கு மாட்டியது ஒரு கோட்டு.
அரக்கு நிறம். ஒரு பித்தான் மட்டும் வேறே.
எட்டயபுரத்தில் கோட்டு போட
வருஷத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது.
தெரிந்துதான் எடுத்தேன்.

கால்குலேட்டரை நீட்டினான்: 650.
அழித்துவிட்டு 200 அடித்தேன்.
நெஞ்சில் கை வைத்தான்,
அவன் வீட்டு ஓட்டை நான் பிரித்துவிட்டதுபோல.
500.
220.
சிரித்தான். முன்பல்லில் பாதி இல்லை.
என் மகனைவிட ரெண்டு வயசு கூட இருக்கும்.
400.
நான் வாங்கி, 2 அழுத்தி, 5 அழுத்தி,

விசில்.

காலையில் எங்களைப் பார்த்து ஊதிய அதே சத்தம்.
நாங்கள் அப்போது உட்கார்ந்துவிட்டோம்;
கூட்டமாக உட்கார்ந்தால் தூக்குவது கஷ்டம், அனுபவம்.
இவர்கள் எழுந்து ஓடுகிறார்கள்.
படுதாவின் நாலு முனையும் ஒரே கையில் சேர
குளிர்காலம் மூட்டையாகித் தோளேறிச்
சந்துக்குள் போய்விட்டது.
முனிசிபாலிட்டி லாரி நிதானமாக வந்து நின்றது.
தரை அவ்வளவு சுத்தம்.
நான் நின்றேன்,
ஒரு கையில் கோட்டு, ஒரு கையில் கால்குலேட்டர்,
திரையில் 25.

"அதிர்ஷ்டம்டி, வா" என்றாள் ஜெசிந்தா.
தன் நூறு ரூபாய் திரும்பி வந்துவிட்ட முகம் வேலுத்தாய்க்கு.

முதல் பத்து நிமிஷம் 250-ல் உறுதியாக இருந்தேன்.
ஓடும்போது ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.
280.
லாரியில் யாருடைய மூட்டையையோ ஏற்றினார்கள்.
அவனுடையதாக இருக்குமோ. 300.
மதிப்பூதியம் என்ற சொல்லில் எங்கே மதிப்பு என்று
காலையில் மைக்கில் கேட்டது நான்தான். 325.
இல்லாதவனோடு பேரம் பேசுவது சிரமம்.
அவன் இறங்கி வருவதே இல்லை.

மணி ஏழு ஆயிற்று.
சாக்ஸ் கடை சர்தார்ஜியிடம் கால்குலேட்டரைத் தந்தேன்,
நோட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு.
வெறும் தரையைக் காட்டினேன், செருப்பைக் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார்.
மேஜை டிராயரில் போட்டார்.
கொடுப்பாரா?
கொடுக்காவிட்டால்
இந்தக் கோட்டின் விலை என்ன?

நாக்பூர் தாண்டி வெயில் ஏறியது.
மடியில் கோட்டு, படுத்த பூனைபோலச் சூடாக.
"கடைசியில எவ்வளவுக்கு முடிச்சே?" என்றாள் மெஹராஜ்.
"இன்னும் முடியல."
மந்திரியைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு
மேல் பெர்த்திலிருந்து யாரோ
"ஏப்ரல்ல கூப்பிடுவாங்களாம்" என்றார்கள்.

மெஹராஜ் கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தாள்.
டேட் நிமிஷம்.
வேர்த்துவிட்டது.