விரற்கடை

வண்டி ஒன்று. பதிவுத்தாளில் பெயர் இரண்டு.
ஒட்னி மீன் ஆலையில் மின்பணி பார்ப்பவள்,
எந்த நிலைப்படியிலும் குனிந்துதான் வருவாள்.
நான் ஃபெர்ரியில் காபி ஊற்றுகிறவள்,
மேல்தட்டுக் கோப்பைக்கு முக்காலி தேடுகிறவள்.
பூடோவில், ஏப்ரலிலும் பனி சறுக்காத கூரையுள்ள கொட்டகையில்
பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
நெடும்பயண வண்டி, இருநூற்று எண்பது கிலோ.
ஏறி உட்கார்ந்து கால் ஊன்றினேன்.
கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது,
கடல் எவ்வளவு குளிர் என்று பார்ப்பதைப்போல.

அவரவர் கைக்கு அவரவர் எண்சாண்தான்.
இந்தச் சீட்டைத் தைத்தவன்
யார் கையால் அளந்தான்?

ரொட்டிக் கத்தியால் பஞ்சை அறுத்தேன்.
முன்பக்கம் இரண்டு விரற்கடை,
தொடை விரியும் ஓரங்களில் இன்னும் கொஞ்சம்.
மஞ்சள் துகள் மூன்று நாள் தும்மலில் வந்தது.
ஒட்னிக்கு வேறொரு சீட், உயரமாக.
வாரம் ஒருத்தி, ஞாயிறு மாலை சீட் மாறும்.

ஹேண்டில்பாரை என்னிடம் கொண்டுவர
அடியில் அலுமினியக் கட்டை கொடுத்தோம்.
அதன்பின் இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால்
ஆக்சிலரேட்டர் வயர் இழுபட்டு
எஞ்சின் தானாக உறுமியது.
"இதற்கும் உன்னைப் பிடிக்கவில்லை" என்றாள்,
வயரை வேறு வழியில் சுற்றிவிட்டாள்.
என் அளவுக்கு வெள்ளை நகப்பூச்சில் ஒரு கோடு,
அவள் அளவுக்குச் சிவப்பு.
கியர் லீவர் எனக்கு ஒரு பல் கீழே.

முன்கண்ணாடிக்கு மட்டும் கோடு போட முடியவில்லை.
அதன் விளிம்பு சரியாக என் பார்வையை வெட்டும்.
வெயிலில் பூச்சிகளின் மஞ்சள்,
மழையில் உலகமே கரைந்த சோப்பு.
சால்ட்ஃபியெல் மேட்டில் ஒரு பாறையை
அது தலையைத் திருப்பிய பிறகே பனிமான் என்று கண்டேன்.
பிரேக் பிடித்த கை வீடு வரும்வரை நடுங்கியது.

அன்றிரவே டேப் ஒட்டி, கோடு கீறி, ரம்பம் எடுத்தேன்.
நான்கு விரற்கடை.
அவளைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்,
அதனால்தான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடையது.
முன்னூறு கிலோமீட்டர் காற்றை
கழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து
ஹெல்மெட்டைக் கழற்றினாள். குரல் இல்லை.
"பஞ்சை வாங்கி ஒட்டலாம்.
இதை?"

மூன்று வாரம் பேச்சில்லை.
ஃபெர்ரி கவுண்டரில் சாவியை வைத்துப் போவாள்,
காபிக்குக் கொடுத்த சில்லறையைப்போல.

ஜூலையில் ஒருநாள் கொட்டகையைத் திறக்கிறேன்.
நான் குப்பையில் போட்ட அந்தக் கீற்று
முன்கண்ணாடியின் தலையில் திரும்ப நிற்கிறது,
ஆலைக் குழாய்களைப் பிடிக்கிற
இரண்டு எஃகுக் கவ்விகளில்.
விளிம்பில் என் ரம்பத்தின் பற்கள் இல்லை,
மணற்காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறாள்.
கையால் திருகினால் கழன்றுவிடும்.
பக்கப் பெட்டியில் அதற்கென்று
பழைய கம்பளிக் காலுறை ஒன்று உறையாகக் கிடந்தது.
ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

தொண்ணூறைத் தாண்டினால் கவ்வி விசிலடிக்கிறது.
மூன்று வகை ரப்பர் வைத்துப் பார்த்துவிட்டாள்.
விசிலின் சுரம்தான் மாறியது.

போன வாரம் மோஸ்கெனெஸ் போனோம், ஒரே வண்டியில்.
என் ஃபெர்ரியில் எனக்கு வேறொருத்தி காபி ஊற்றினாள்,
மோசமாக.
கரை இறங்கியதும் ஒட்னி ஓட்ட, நான் பின்னால்.
இத்தனை நாளில் எங்கள் கத்தி படாத ஒரே இடம் அது,
கம்பெனி கொடுத்தபடியே, கல்.
எழுபதாவது கிலோமீட்டரில் அவள் முதுகைத் தட்டினேன்.
விசில் இறங்கி, தேய்ந்து, நின்றது.
கீழே கடல், மேலே காயவைத்த காட் மீன் வாடை.
இடுப்பில் கைவைத்து நொண்டினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
கையுறையை மட்டும் கழற்றி
விரல்களை விரித்துக் காட்டிக் கேட்டாள்:
"எத்தனை?"