மூன்று ஏ

நிபோங் திபால் பக்கம்,
சடக்கிலிருந்து மூன்று மைல் உள்ளே,
கிராணி வீட்டம்மா வீசியெறிந்த அலமாரி
ஒரு கால் இல்லாமல்
பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் சாய்ந்து நின்றது.
அதற்கு லிஃப்டு என்று பெயர் வைத்தவன் அமரேசன்.

நாங்கள் இருவரும் லிஃப்டைப் பார்த்ததில்லை.
அவன் சின்னம்மா பார்த்திருந்தாள்.
பினாங்கில் ஏதோ ஒரு கட்டடத்தில்
தரை துடைக்கப் போனவள்
தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள்:
"ஒரு சின்ன ரூமு. உள்ள போயி
வாய மூடிக்கிட்டு நிக்கணும்.
கதவு தொறந்தா வேற எடம்."

மேலே ஏறும் என்று அவள் சொல்லவில்லை.
அறை அப்படியே நிற்கும்,
ஊர்தான் மாறும் என்று
நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

கதவைச் சாத்துவோம். கரப்பான் வாடை.
என் விலாவில் அவன் முழங்கை.
பத்து வரை எண்ணித் திறந்தால்
எதிரே அதே செம்பனை, அதே கால்வாய்,
மண்டோர் வீட்டு அதே ஆடு.
ஆனால் அது இரண்டாம் மாடி ஆடு.
"பாத்தியா, கொஞ்சம் மெலிஞ்சிருக்கு" என்பான்.
ஆமாம்,
மெலிந்துதான் இருந்தது.

பொத்தான்களுக்குப் போத்தல் மூடிகள்,
சீனக் கடை வாசலில் பொறுக்கியவை.
நாலுக்கு மட்டும் மூடி கிடையாது.
சின்னம்மா துடைக்கும் கட்டடத்தில் நாலே இல்லையாம்,
மூன்று, அப்புறம் மூன்று ஏ, அப்புறம் ஐந்து.
ஏன் என்று தவுக்கேயிடம் கேட்டோம்.
கடன் நோட்டிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார்:
"நாலு, சாவு. ரெண்டும் ஒரே சத்தம்."

டிராக்டரோடு கவிழ்ந்த அமரேசனின் அப்பாவுக்கு
அப்போது கருமாதிகூட முடிந்திருக்கவில்லை.

மறுநாள் அவன் ஒரு சார்சி மூடி கொண்டுவந்தான்.
என் முதுகில் ஏறி நின்று
எட்டாத உயரத்தில்
கல்லால் ஆணி அடித்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கவுனில் அவன் கால்சேறு இரண்டு துவைப்புக்கு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை
இருட்டியும் அவன் வீடு திரும்பவில்லை.
லயமே டார்ச்சோடு இறங்கியது.
கால்வாயில் கம்பு விட்டுத் துழாவினார்கள்.
அவன் அம்மாவுக்கு அவன் பெயர் வாயில் வரவில்லை,
"டேய், டேய்" என்று மட்டும் கத்தினாள்.
என்னிடமும் கேட்டார்கள்.
தெரியாது என்றேன்.
தெரியும்.
ஆனால் பாதியில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்
எந்த மாடியில் இறங்கிப்போவான்
பாவம்?

விடிவதற்கு முன்
பெரட்டுக்குப் போனவர்கள் தூக்கி வந்தார்கள்.
கன்னமெல்லாம் எறும்புக்கடி.
காலடியில் ஒரு பால் வாளி கவிழ்ந்து கிடந்ததாம்.
அவன் அம்மா அவனை அடித்தாள்,
என் அம்மா என்னை.
"போனியா?" என்றேன், ரகசியமாக.
"போனேன். ஒரே கூட்டம்.
தேட முடியல."

அலமாரியை விறகாக்கினார்கள்.
அந்த வருஷக் கடைசியில் அவர்கள்
கெடாவில் ஏதோ தோட்டத்துக்குப் போனார்கள்.
லோரி கிளம்பியபோது நான் பள்ளியில்
வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்குப் பிறையில் பதினோராம் மாடி.
மாதத்தில் பாதி நாள் லிஃப்டு ஓடாது.
ஓடிய ஒரு மாலை
கேஸ் தோம்பைத் தோளில் வைத்து ஏறியவன்
முழங்கையால் மூன்று ஏ-யை அழுத்தினான்.
நெற்றி ஏறியிருந்தது. முகம் யாருடையதோ.
என் விலாவுக்குத்தான்
அந்த முழங்கையை அடையாளம் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு
இருவரும் எண்களைப் பார்த்தோம்.
இரண்டு.
மூன்று.

கதவு திறந்தது.
துணி காயும் நடைபாதை, யாரோ மீன் பொரிக்கும் வாசனை.
அவன் வெளியே இறங்கினான்,
ஒரு காலால் கதவைத் தடுத்துக்கொண்டு திரும்பினான்.

"அந்த சார்சி மூடி என்னுது" என்றான்.
"நீதான எடுத்து வச்சிருக்க?"

லிஃப்டு கத்த ஆரம்பித்தது.