கேட்க வேண்டும்

மோல்மேனில் ஆடி மழை விடாத ஒரு மாலை
மூன்று பேர் வந்தார்கள், குடைகளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு.
பேட்டரிகள் சார்ஜில் இருந்தன. அமில வாடை.
"கோயிலுக்கு இனி நீதான் டிரஸ்டி" என்றார் ஆவுடையப்பன்.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"ரோஸ் கார்டு உன்கிட்டதான் இருக்கு.
எங்க பச்சைக் கார்டை ஆபீசில் மதிக்க மாட்டான்."

என் அம்மா முடோன் ஊர் மொன் பெண்.
பதினாறு வயதில், உத்திரத்தன்று,
தேர் வடத்தைத் தொடப்போன என் தோளைப் பிடித்து
விலக்கியது இவருடைய அண்ணன் கை.
மெதுவாகத்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.
அந்த அம்மாவால் வந்த கார்டு
இப்போது என் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள்,
கோயிலைவிடக் கனமாக.

தகரப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள்.
பதினோரு சாவிகள். பத்துக்குப் பூட்டு தெரியும்.
வாடகைப் புத்தகத்தில் பின்வரிசை வீடுகள் ஐந்து;
நான்காம் வீட்டு டோ தின் ஏ, எட்டு மாதம் பாக்கி.
மகன் மகாசாய்க்கு மீன் வேலைக்குப் போனவன், தகவல் இல்லை.
ஓரத்தில் சிவப்பு மையில் "கேட்க வேண்டும்".
அடுத்த மாதமும் "கேட்க வேண்டும்".
எட்டு முறை எழுதி, ஒரு முறையும் கேட்காத கை.

பர்மியத்தில் இந்தப் பதவிக்குக் கோபக என்று பெயர்.
பாலியில் மாட்டுக்காரன் என்றும் பொருளாம்,
பேட்டரி மாற்ற வந்த பிக்கு சொன்னார்.
மனைவி சிரித்தாள்:
"மாடு எங்கே? ஒழுகுற கூரைதானே நிக்குது."

இரவு போய்ப் பார்த்தேன்.
முருகன் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய்,
காலடியில் வாளி, முக்கால் நிறைந்து.
எடுத்துக் கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கும்போது
தரையில் வாளியின் வட்டம் தேய்ந்திருந்தது.
பின்னால் டார்ச் வெளிச்சம். டோ தின் ஏ,
தலையில் துண்டு, கையில் இன்னொரு வாளி.
"பத்து மணிக்கு நான் கொட்டுவேனே" என்றாள்,
யாரோ தன் வேலையைத் தொட்டுவிட்டது போல.
"இரண்டு மணிக்கும்."

படிவத்தில் பெயருக்கான இடம் இன்னும் காலி.
தெய்ன் ஹான் என்று எழுதினால் ஆபீஸ் ஏற்கும்.
தெய்வச்சிலை என்றால் செத்துப்போன அப்பா ஏற்பார்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
வாடகைப் புத்தகத்தில் மட்டும்,
டிரஸ்டி ஆகாமலே,
எட்டாவது "கேட்க வேண்டும்" கீழே
என் பேனாவால் எழுதியிருக்கிறேன்:
கேட்டாயிற்று.