எச்சில் தொடாத டிக்கெட்

மார்கழி பதினொன்று. முதல் நடை.
மாட்டுத்தாவணியில் வண்டியை எடுக்கையில்
யானைமலையைக் காணோம்.
பனி அதைத் தின்றுவிட்டு
பஸ் கண்ணாடியில் வாய் துடைத்துக்கொண்டிருந்தது.

உத்தங்குடி தாண்டுமுன் ஒரு தும்மல்.
ஒன்றே ஒன்று.
விசில் வாயிலிருந்து தெறித்துப் படிக்கட்டில் விழுந்தது.
ஒரு டவுன் பஸ்ஸுக்கு அது போதும்.

"சுக்கைத் தட்டி, மிளகைத் தட்டி, கருப்பட்டி போட்டு..."
மூன்றாம் சீட்டு ஆரம்பித்தது.
"கருப்பட்டியெல்லாம் இப்ப சீனிப்பாகுப்பே"
நான்காம் சீட்டு மறுத்தது.
ஆட்டுக்கால், நல்லெலும்பு,
மிளகு கண்ணில் தண்ணி வரவழைக்கணும் என்றார்
காதர் மைதீன் பாய்.
வயல் நண்டை இடித்து ரசம் வை என்றது பின்சீட்டு.
ஒரு கட்டிங்கில் மிளகுத்தூள் என்றது
அதற்கும் பின்னால் சாய்ந்திருந்த ஒரு குரல்.
கீரை விற்று வெறுங்கூடையோடு திரும்பும் வெள்ளத்தாயி
"நாளைக்குத் தூதுவளை கொண்டாறேன்,
முள்ளப் பாத்து ஆஞ்சுக்க" என்றாள்.
மாலை போட்ட சாமி ஒருவர்
"ரெண்டு வேளையும் பச்சத்தண்ணிக் குளியல்,
எனக்கு ஒண்ணுமில்லையே" என்று முடிக்குமுன்
அவரும் தும்மினார்.
டிரைவர் சூசை திரும்பாமலே சிரித்தார்.

ஒத்தக்கடையில் ஏறியவள் மட்டும்
வைத்தியம் சொல்லவில்லை.
இடுப்பில் பிள்ளை, தோளில் பை.
நான் நீட்டிய விலையில்லா டிக்கெட்டை வாங்காமல்
"எச்சி தொடாமக் குடுங்கண்ணே.
இவன் இதத்தான் சப்புவான்."

பஸ்ஸே கப்பென்று ஆனது.

பத்தொன்பது வருஷமாக
ஆள்காட்டி விரலை நாக்கில் ஒற்றித்தான் கிழிக்கிறேன்.
மேலூர் வட்டாரத்து நோட்டுகளின் ருசி
எனக்கு அத்துப்படி:
மீன்காரம்மா நோட்டு உப்பு.
பொடி போடும் வாத்தியார் நோட்டு எரிப்பு.
கசாப்புக்கடை நோட்டை நினைக்காமலிருப்பது நல்லது.
இத்தனையும் நக்கிவிட்டு
சளி எங்கிருந்து வந்ததென்று
பனியைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் டப்பா மூடியில் ஈரப்பஞ்சு வைத்தேன்,
தபால் ஆபீசில் இருக்குமே, அது மாதிரி.
பஞ்சு பஞ்சாகவே இருந்தது.
விரல் வாய்க்குத்தான் போனது.
பழக்கத்துக்குக் கண் கிடையாது.

"வேப்பெண்ண தடவு" என்றாள் வெள்ளத்தாயி.
"எம் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கடிச்சது
அப்பிடித்தான்."
நாற்பத்தாறு வயதில்
பால்குடி மறக்கக் கிளம்பினேன்.
முதல் நடையில் பதினான்கு தடவை கசந்தது.
சிட்டம்பட்டியில் ஒன்று, தெற்குத்தெருவில் மூன்று என்று
சூசை கணக்கு வைத்தார்.
நாலாம் நாள் இரண்டு.
பொங்கலுக்கு முன் விரல்
தானே பஞ்சைத் தேடிப் போனது.

இதற்கிடையில்
பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டு
மேலூர் ஸ்டாண்டுக் குழாயில் கட்டிவைத்தேன்.
இரண்டு தடவை களவுபோனது.
மூன்றாவதை யாரும் தொடவில்லை,
சாக்ஸ் அப்படி.
தும்மல் வந்தால் காக்கியின் முழங்கை மடிப்பு.
பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர்.

சளியே பிடிக்கவில்லை என்றால் பொய்.
தை ஐந்தில் பிடித்தது.
நண்டு ரசம் குடித்தேன்,
நொச்சி போட்டு ஆவி பிடித்தேன்,
விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை இழுத்தேன்.
எது கேட்டதென்று தெரியாது.
மூன்று நாள் லீவு போட்டேன் என்பதுதான் புதுசு.
மற்ற வருஷங்களில்
சளியோடுதான் டிக்கெட் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வந்த அன்று
ஒத்தக்கடையில் அதே பெண், அதே பிள்ளை.
பஞ்சில் ஒற்றி, கிழித்து, நீட்டினேன்.
என் கையையே பார்த்திருந்துவிட்டு வாங்கினாள்.
பிள்ளை அதைப் பிடுங்கி
நேராக வாயில் வைத்தான்.

வேப்பெண்ணெய் இன்னும்
நகக்கண்ணில் மிச்சமிருந்தது போல.

முகம் எட்டுக் கோணலாகி
அழுவதா துப்புவதா என்று யோசித்து
ஜன்னல் வழியே எறிந்தான்.
டிக்கெட் பனிக்குள் போனது.

"செக்கர் ஏறுனா என்னண்ணே சொல்றது?"
இன்னொன்று கிழித்தேன்.
சூசை கண்ணாடியில் பார்த்து
ஹாரன் அடித்தார்,
குறுக்கே எதுவும் வரவில்லை.