எல்லை வரிசை

கோபிப் பாலையில் நிலக்கரி லாரிகள் நிற்கும் வரிசைக்குத்
தலை சீன எல்லையில்.
வால் எங்கே என்று யாரும் நடந்து பார்த்ததில்லை.
வாலுக்குப் பக்கத்தில் நான், துல்மா,
நாலாவது நாள்.

தூங்கினால் முன்வண்டி நகர்ந்துவிடும்,
இடைவெளியில் இன்னொருவன் மூக்கை நுழைப்பான்.
ஆகவே கன்னத்தில் ஒரு மிட்டாய்.
அது கரைந்ததும் ஒரு மிடறு டின் காப்பி.
பிறகு மறுபடி மிட்டாய்.
பதினோரு வருடம்.

மைனஸ் முப்பதில் கதவைத் திறந்தால்
குளிர் முதலில் விசாரிப்பது
கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப்பல்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
விவாகரத்தை அப்படித்தான் கடந்தேன், லாரிக் கடனையும்.
இதை முடியவில்லை:
கடிக்கவேண்டிய பல்லே வலிக்கிறது.

அந்த நடை முடிந்து, தலான்சத்கத்தில்,
மருத்துவர் நோமின்தாரி என் வாய்க்குள் விளக்கைச் சாய்த்தார்.
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.
"எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?" என்றார்.

இனிப்பு தானாகக் குடையாதாம்.
பல்லில் படிந்த பிசுக்கில் குடியிருக்கும் கிருமிகள்
அதைத் தின்று அமிலம் கழிக்கும்.
அமிலம் பல்லின் உப்பைக் கரைக்கும்.
வாயைச் சும்மா விட்டால்
எச்சில் ஊறி வந்து
கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பிக் கட்டும்.
என் எச்சிலுக்கு நான்
ஒரு மணி நேரம் கூட ஒதுக்கியதில்லை.

படத்தில் பல் வெள்ளை, அதன் வயிற்றில் கறுப்பாய் ஒரு பை.
"முதலில் இது சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பொட்டு.
வலித்திருக்காது.
அப்போதே வந்திருந்தால் துளைக்கவே வேண்டியதில்லை."
எப்போது?
"மூன்று, நான்கு குளிர்காலத்துக்கு முன்னால்."

சொத்து என்று எனக்கு ஒரு லாரி.
சொத்தை என்று ஒரு பல்.
முன்னதற்கு நோட்டுப் புத்தகம் உண்டு:
பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எண்ணெய்,
சத்தம் வருமுன் மாற்றிய பிரேக் கட்டைகள்,
எல்லாம் தேதியோடு.
அதன் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
வாய். ஆறு மாதம். வலிக்காவிட்டாலும்.

நரம்பெடுத்து அடைத்தார். மூடி போட இன்னொரு நாள்.
பாதி உதடு என்னுடையதாய் இல்லாமல்
வரிசைக்குத் திரும்பினேன்.
உப்புத் தேநீர் மோவாயில் வழிந்தது.

மிட்டாய்ப் பொட்டலத்தைப் பின்வண்டிப் பயாராவிடம் கொடுத்தேன்.
நூறு அடி வந்தபின்
திரும்பிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

"பைத்தியமா உனக்கு?" என்று சிரித்தான்.
முன்பல்லின் ஈறோரம்
சுண்ணாம்பு நிறத்தில் ஏதோ.

இன்னொரு தடவை சிரி, என்றேன்,
கைவிளக்கைத் தேடியபடி.